புகைக்கு ஒரு வழி, சூட்டுக்கு ஒரு வழி: செவன் பாணி கார் கட்டத் தொடங்குவோருக்கு

சேஸி பற்றவைத்தாயிற்று, ஹாஃப்கட் கடையிலிருந்து (வெட்டி எடுத்த பழைய ஜப்பான் காரின் முன்பாதியை விற்கும் கடை) இன்ஜின் வந்தாயிற்று, ஃபைபர் மூக்கையும் மட்கார்டையும் மாட்டிப் படமும் எடுத்தாயிற்று. அதற்குப் பிறகுதான் பலர் எக்ஸோஸ் (புகைக்குழாய்) எந்தப் பக்கம் போகும், ரேடியேட்டர் எங்கே உட்காரும் என்று யோசிக்கிறார்கள். அப்போது ஸ்டீரிங் தண்டுக்கும், இன்ஜினிலிருந்து புகையை முதலில் வாங்கும் ஹெடர் குழாய்க்கும் நடுவே விரல் நுழையாது. மூக்குக்குள் ரேடியேட்டர் நுழையும், ஃபேன் நுழையாது. கடைசியில் குழாயைத் தட்டி நசுக்கி, ஃபேனை வெளியே வைத்து ஒப்பேற்ற வேண்டியதுதான். எக்ஸோஸும் கூலிங்கும் ஒரே இடத்துக்காகச் சண்டை போடும் இரண்டு பொருள்கள். இரண்டையும் ஒரே நாளில், பாடி ஏறுவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள்.

இங்கே உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது லோட்டஸ் செவன் பாணி வண்டி. 1957 முதல் 1972 வரை லோட்டஸ் கட்டியது. 1973-இல் உரிமை கேட்டர்ஹாம் கைக்குப் போனது. எளிய வடிவம் என்பதால் நகல் கட்டுபவர்கள் முதலில் கைவைப்பது பெரும்பாலும் இதில்தான். இன்ஜின், டொயோட்டா 4ஏ-ஜிஇ, 1587 சிசி, நீளவாக்கில் முன்னால். ஊர், மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரி ஒன்று: சுற்றிலும் செம்பனையும் ரப்பரும், சாமான் வாங்க ஈப்போ, வெல்டிங்குக்குத் தோட்டத்து டிராக்டரையும் லாரியையும் பார்த்துக்கொள்ளும் பெங்கேல் (பட்டறை). வேறு இன்ஜின் போட்டாலும் முறை இதுதான், எண்கள் மட்டும் மாறும்.

ஒன்றை முதலிலேயே முடித்துவிடுங்கள். இன்ஜின் மாற்றினால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அனுமதியும் ஆய்வும் வேண்டும், கிராணில் (வண்டியின் பதிவுச் சான்றில்) புது இன்ஜின் எண் ஏற வேண்டும். நகல் வண்டி என்றால் கேள்விகள் இன்னும் கூடும். குழாய் வாங்குவதற்கு முன்பே ஜேபிஜே அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அட்டையும் பிவிசி குழாயும்

இன்ஜின், கியர்பாக்ஸ், ஸ்டீரிங் தண்டு, பெடல் பெட்டி, ஓட்டுநர் இருக்கை ஆகிய ஐந்தும் தம் இடத்தில் பூட்டியிருக்க வேண்டும். ரேடியேட்டர் அளவுக்கு அட்டைப்பெட்டி வெட்டி மூக்கில் வையுங்கள். தடிமனில் ஃபேனையும் சேர்த்து வெட்டுங்கள்: கோர் (தண்ணீர் ஆறும் நடுப்பகுதி) 40 மி.மீ., இடைவெளி 25 மி.மீ., ஃபேன் 65 மி.மீ. என்றால் மொத்தம் 130 மி.மீ. எக்ஸோஸுக்கு 2 அங்குல பிவிசி குழாயும் வளைவுத் துண்டுகளும் போதும். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும், விலையும் பெரிதில்லை, தப்பாக வெட்டினாலும் வயிறு எரியாது.

நம் வண்டியில் ஓட்டுநர் வலப்பக்கம். எக்ஸோஸ் போர்ட்டும் (புகை வெளியேறும் வாய்) வலப்பக்கம் இருக்கும் இன்ஜின் என்றால் ஹெடர், ஸ்டீரிங் தண்டு, பிரேக் மாஸ்டர் சிலிண்டர் மூன்றும் ஒரே மூலையில் குவியும். இன்ஜினை 20 மி.மீ. இடப்பக்கம் தள்ளலாமா என்று யோசிக்க வேண்டிய நேரம் இதுதான். இரும்புச் சேஸியிலிருந்து 25 மி.மீ., ஃபைபர் பாடியிலிருந்து 75 மி.மீ., பிரேக் குழாய், பெட்ரோல் ஹோஸ் ஆகியவற்றிலிருந்து 100 மி.மீ. தள்ளியிருக்கட்டும். அவ்வளவு இடம் இல்லாத இடத்தில் தகடு மறைப்பு கட்டாயம். இன்ஜின் தன் ரப்பர் மவுண்டில் ஆடும் என்பதையும் மறக்காதீர்கள். பிரை பார் வைத்து நெம்பி இரு பக்கமும் அசைத்துவிட்டு அளந்தால்தான் அது அளவு.

ஹெடர்

கடையில் கிடைக்கும் ஹெடர் கொரோல்லாவின் இன்ஜின் அறைக்காகச் செய்தது. செவன் சேஸியில் அது பெரும்பாலும் குறுக்குக் குழாயில் இடிக்கும். ஆகவே ஃபிளேஞ்சை (இன்ஜினோடு பூட்டும் தகட்டை) மட்டும் வாங்கிக் குழாயைப் புதிதாகச் செய்வதே நடைமுறை.

நாலு குழாயும் ஒரே இடத்தில் சேரும் 4-1 மேல் ஆர்பிஎம்மில் (நிமிடச் சுற்று) நன்றாக இழுக்கும். இரண்டிரண்டாகச் சேர்ந்து பிறகு ஒன்றாகும் 4-2-1 நடு ஆர்பிஎம்மில் இழுக்கும். சந்தை நாள், பள்ளி விடும் நேரம், தோட்டத்து வேகத்தடை எல்லாம் கடந்து போகும் வண்டிக்கு 4-2-1-ஐயே பரிந்துரைப்போம். டிராக் வண்டி என்றால் பேச்சு வேறு.

குழாய் நீளத்துக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. எக்ஸோஸ் வால்வு, பிஸ்டன் அடிமட்டத்தைத் தொடுவதற்கு எத்தனை டிகிரி முன்னால் திறக்கிறது என்று பார்த்து, அதோடு 180-ஐக் கூட்டுங்கள். வந்ததை 850-ஆல் பெருக்கி, இழுவை வேண்டிய ஆர்பிஎம்மால் வகுத்து, 3-ஐக் கழித்தால் அங்குலத்தில் நீளம் வரும். உதாரணத்துக்கு 60 டிகிரி, 6500 ஆர்பிஎம் என்று வைத்துக்கொண்டால் 850 × 240 ÷ 6500 = 31.4, 3 போக 28.4 அங்குலம், அதாவது 72 செ.மீ. 4-2-1 ஆக இருந்தால் முதல் குழாய்க்கு 38 செ.மீ., இரண்டாவதற்கு 34 செ.மீ. என்று பிரியுங்கள். டிகிரி உங்கள் கேம்ஷாஃப்டின் கணக்கில் உள்ளதாக இருக்கட்டும். நாலு குழாயும் 2 செ.மீ. முன்னே பின்னே இருந்தால் குடி முழுகிவிடாது. சமநீளம் கிடைக்க வேண்டும் என்று குழாயை ஸ்டீரிங் தண்டின்மேல் உராயவிடுவதுதான் தப்பு.

குழாயின் உள்வாய் போர்ட்டைவிட 1 முதல் 2 மி.மீ. பெரிதாக இருக்கலாம், சிறிதாக இருக்கக் கூடாது. கேஸ்கெட் விளிம்பு உள்ளே துருத்திக்கொண்டிருந்தால் அறுத்து எடுங்கள். ஃபிளேஞ்ச் 10 மி.மீ. தகடாக இருக்கட்டும். 6 மி.மீ. தகட்டில் பற்றவைத்தால் வாழைப்பழம் மாதிரி வளையும், பிறகு எத்தனை கேஸ்கெட் போட்டாலும் 'டிக் டிக்' என்று ஊதும். பற்றவைக்கும்போது ஃபிளேஞ்சைப் பழைய சிலிண்டர் ஹெட் ஒன்றில் முறுக்கிப் பூட்டி வைத்து, ஒரு போர்ட் விட்டு ஒரு போர்ட்டாகச் செய்யுங்கள். ஆறிய பிறகுதான் கழற்ற வேண்டும். அப்போதும் இரும்பு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். அடியில் ஒளி தெரிந்தால் மெஷின் ஷாப்பில் முகம் சீவ வேண்டும்.

எஃகு எது? மைல்ட் ஸ்டீல் 1.5 மி.மீ. எளிதாக வளையும், எந்த வெல்டருக்கும் கைவரும், ஆனால் துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் 304 துருவுக்கு நல்லது. ஆர்கன் வெல்டிங்கில் செய்ய வேண்டும், குழாயின் உள்ளேயும் ஆர்கன் நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால் வெளியே தங்கமாக மின்னும் வெல்டின் உள்பக்கம் கறுத்துச் சொரசொரப்பாகி, அங்கேதான் பின்னால் விரிசல் விடும். வெல்டரிடம் ஒரு துண்டு செய்துகாட்டச் சொல்லி நெடுக்காக அறுத்து உள்ளே பாருங்கள். கேட்பதில் தப்பில்லை.

304 சூட்டில் மைல்ட் ஸ்டீலைவிட அதிகம் நீளும். 500 டிகிரி ஏறினால் ஒரு மீட்டர் குழாய் 8 மி.மீ.க்கும் மேல் வளரும். மைல்ட் ஸ்டீல் 6 மி.மீ. அந்த நீட்சிக்கு இடம் கொடுக்காமல் இரு முனையையும் சேஸியோடு இறுக்கினால் ஸ்டட் முறியும் அல்லது வெல்ட் பிளக்கும். எனவே ஹெடருக்கும் பின்குழாய்க்கும் நடுவே ஒரு செருகு மூட்டு, அதை இரண்டு ஸ்பிரிங்கால் பிடித்தல். அல்லது 100 மி.மீ. நெளிகுழாய். பின்பகுதி முழுக்க ரப்பர் ஹேங்கரில் தொங்கட்டும்.

ஆக்சிஜன் சென்சர் நாலு குழாயும் சேர்ந்த பிறகு வரவேண்டும். படுக்கை மட்டத்துக்கு மேலே குறைந்தது 10 டிகிரி சாய்ந்திருக்கட்டும். கீழ்ப்பக்கம் வைத்தால் காலையில் குழாய்க்குள் நிற்கும் நீர் பட்டு, உள்ளிருக்கும் பீங்கான் வெடிக்கும். சென்சருக்கு முன்னால் எங்காவது காற்று கசிந்தால், பெட்ரோல் குறைவு என்று எண்ணி இசியு (இன்ஜினின் கணினி) அதிகமாக ஊற்றும். பிளக் கறுப்பாகிறதே என்று இன்ஜெக்டரை மாற்றிக்கொண்டிருக்காமல் முதலில் ஹெடர் கேஸ்கெட்டைப் பாருங்கள்.

பின்குழாயும் சைலன்சரும்

"பெரிய குழாய் போட்டால் பவர்" என்பது பெங்கேலில் அதிகம் கேட்கும் பொய். ஒரு குதிரைசக்திக்கு நிமிடத்துக்கு 2.2 கன அடி காற்று, குழாயின் ஒரு சதுர அங்குலத்துக்கு 115 கன அடி என்று வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கலாம். 130 குதிரைசக்திக்கு 286 கன அடி, அதாவது 2.5 சதுர அங்குலம், உள்விட்டம் 45 மி.மீ. 1.5 மி.மீ. தடிமனுள்ள 2 அங்குலக் குழாயின் உள்விட்டம் ஏறத்தாழ 48 மி.மீ. ஆக அதுவே போதும். 160 குதிரைசக்தி எட்டும் 20 வால்வு இன்ஜினுக்கு உள்விட்டம் 50 மி.மீ. வேண்டும், 2¼ அங்குலம் எடுங்கள். 2½ அங்குலம் போட்டால் கூடுவது சத்தமும் எடையும். தரையிலிருந்து இருக்க வேண்டிய உயரம் குறையும்.

அந்த உயரம் நம் ஊரில் சாதாரண விஷயமில்லை. செம்மண் சாலையின் நடுமேடு, லாரியிலிருந்து உதிர்ந்த செம்பனைக் குலை, அளவில்லாமல் கட்டிய வேகத்தடை எல்லாம் உண்டு. இரண்டு பேர் உட்கார்ந்த நிலையில் எக்ஸோஸின் அடிப்பாகம் தரையிலிருந்து 120 மி.மீ.க்குக் குறையக் கூடாது. ஃபிளேஞ்ச் போல்ட் கீழ்நோக்கித் துருத்தாமல் பக்கவாட்டில் வரும்படி திருப்பி வையுங்கள்.

செவன் வண்டியில் சைலன்சர் பக்கவாட்டில், கதவில்லாத இடத்துக்குக் கீழே ஓடுவது வழக்கம். பார்க்க அழகு. இறங்கும்போது கெண்டைக்கால் அதில் படும், அதுவும் அரைக்கால் சட்டையோடு. இடம் இருந்தால் பின்னால் கொண்டுபோங்கள். பக்கத்தில்தான் என்றால் துளையிட்ட தகடு உறையை 12 மி.மீ. இடைவெளியில் மாட்டுங்கள்.

துளைக்குழாயைச் சுற்றிக் கண்ணாடி நார் திணித்த நேர் சைலன்சர் போதும், ஆனால் சிறியது வேண்டாம். 5 முதல் 6 அங்குல விட்டம், 500 மி.மீ. நீளம், அதற்கு முன்னால் ஒரு சிறு ரெசொனேட்டர் (சத்தம் தணிக்கும் குடுவை). நார் மெல்ல மெல்லக் கரிந்து வாலில் பறந்துபோகும்; ஆகவே மூடியை ரிவெட்டில் பூட்டிய, திறந்து மறுபடி திணிக்கக்கூடிய வகையாக வாங்குங்கள். சத்தத்துக்கு 1987 முதலே சட்டம் உண்டு. நின்ற நிலையில் அளக்கும்போது மைக்கை வால்முனையிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்தில் வைப்பார்கள். வீட்டிலேயே அதே இடத்தில் கைப்பேசியை வைத்துப் பார்த்தால் எண் துல்லியமாக இருக்காது, ஆனால் நார் திணிப்பதற்கு முன்னும் பின்னும் என்ன வித்தியாசம் என்பது தெரியும்.

துணி சுற்றலாமா

ஹெடரில் சூட்டுத்துணி சுற்றுவது ஃபேஷனாகிவிட்டது. இன்ஜின் அறைச் சூடு குறையும், உண்மைதான். ஆனால் மைல்ட் ஸ்டீல் ஹெடரில், பிற்பகல் மழை தவறாத ஊரில், அந்தத் துணி ஈரத்தைப் பிடித்து வைத்து இரும்பைத் தின்னும். சுற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஸ்டெயின்லெஸில் மட்டும் சுற்றுங்கள்: 2 அங்குலத் துணியை நனைத்து, 6 மி.மீ. மேற்பொருந்தும்படி இழுத்துச் சுற்றி, ஸ்டெயின்லெஸ் பட்டியால் கட்ட வேண்டும். முதல் முறை ஓடும்போது புகையும், பயப்பட வேண்டாம். பணம் இருந்தால் செராமிக் பூச்சு இதைவிட நல்லது. எது செய்தாலும் ஃபைபர் பாடிக்கு எதிரே 1 மி.மீ. அலுமினியத் தகடு, நடுவே 10 முதல் 15 மி.மீ. காற்று இடைவெளி. தகட்டை ஃபைபரோடு ஒட்டவைத்தால் பயனில்லை. பாலியெஸ்டர் ரெசின் 80, 100 டிகிரியிலேயே இளகி, மேல்பூச்சு கொப்பளிக்கும்.

ரேடியேட்டர்: பெரியதைத் தேடாதீர்கள்

எரியும் பெட்ரோலின் சூட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தண்ணீருக்குப் போகிறது. ஆனால் 600 கிலோகூட இல்லாத வண்டி நெடுஞ்சாலையில் ஓடும்போது இன்ஜின் முழு வேலை செய்வதேயில்லை. ஆகவே புரோட்டோன் வீராவின் ரேடியேட்டர் அளவுக்கு ஒன்று, நல்ல நிலையில் இருந்தால், இந்த வேலைக்குப் போதும். எந்த ஸ்பேர்பார்ட் கடையிலும் கிடைக்கும் என்பதும் ஒரு லாபம். மூக்கின் அகலத்தை அளந்துகொண்டு போய்ப் பாருங்கள். கொதிக்கிற வண்டிகளில் பெரும்பாலானவற்றில் ரேடியேட்டர் சிறியதல்ல, காற்றுக்குத்தான் வழியில்லை.

காற்று சோம்பேறி. கோர் வழியாகப் போவதைவிடச் சுற்றிப் போவது எளிது என்றால் சுற்றித்தான் போகும். மூக்கின் வாய்க்கும் ரேடியேட்டருக்கும் நடுவே நாலு பக்கமும் அலுமினியத் தகட்டால் அடைத்து, விளிம்பில் பஞ்சு ரப்பர் ஒட்டுங்கள். கைவிரல் நுழையும் சந்து எல்லாம் வீணாகும் காற்று. இது செய்தால் வாய் பெரிதாக இருக்கத் தேவையில்லை, கோர் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை போதும்.

உள்ளே வந்த காற்று வெளியே போக வேண்டும். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். போகும் வழியின் பரப்பு வாயைவிட ஒன்றேகால் முதல் ஒன்றரை மடங்கு இருக்கட்டும்: பானெட்டின் பக்கவாட்டில் ஹெடர் வெளியே வரும் துளை, மேலே லூவர் (சாய்வான காற்றுத் துளைகள்), அடியில் திறப்பு. பானெட்டின் பின்விளிம்பை வாஷர் வைத்துத் தூக்கிவிடும் பழக்கம் ஒன்று உண்டு. நிற்கும்போது சூடு மேலே போகும், சரி. ஓடும்போது கண்ணாடியின் அடியில் காற்றழுத்தம் அதிகம், அந்த வழியே காற்று உள்ளேதான் வரும்.

ஃபேன் 12 அங்குலம், ரேடியேட்டருக்குப் பின்னால் இருந்து இழுக்கும் வகை. கோர் முழுவதையும் மூடும் உறை வேண்டும். உறை இல்லாவிட்டால் ஃபேன் வட்டத்துக்கு நேரே உள்ள பகுதி மட்டும்தான் குளிரும். பிளாஸ்டிக் கட்டுப்பட்டியைக் கோருக்குள் செருகி ஃபேனை மாட்டாதீர்கள். அது குலுங்கிக் குலுங்கி ஆறு மாதத்தில் தண்ணீர்க் குழலை அறுத்துவிடும். ரேடியேட்டரை ரப்பர் புஷ்ஷில் உட்காரவையுங்கள், சேஸியோடு நேராகப் போல்ட் போட்டால் தோட்டத்துச் சாலையில் மூலை விரியும். மின்சாரத்துக்கு 30 ஆம்ப் ரிலே, 30 ஆம்ப் ஃபியூஸ், 4 சதுர மி.மீ. வயர், 95 டிகிரியில் போட்டு 88-இல் நிறுத்தும் சுவிட்ச். ரிலே இல்லாமல் டாஷ்போர்டு சுவிட்ச் வழியாக நேரே கொடுத்தால் முதலில் உருகுவது அந்தச் சுவிட்ச்தான்.

தண்ணீர்ப் பாதை

செவனின் மூக்கு தாழ்வு. ரேடியேட்டரின் மேல்விளிம்பு சிலிண்டர் ஹெட்டைவிடக் கீழே போய்விடும். ரேடியேட்டர் மூடியில் தண்ணீர் ஊற்றி நிரம்பிவிட்டது என்று நினைத்தால் ஹெட்டில் காற்று நிற்கும். வழி: இன்ஜினைவிட உயரத்தில், ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் இருக்கைக்கும் நடுவிலுள்ள தடுப்பில்), ஒரு லிட்டர் பிடிக்கும் ஹெடர் டேங்க் (புகை ஹெடர் அல்ல, தண்ணீர்த் தொட்டி). அதன் அடியிலிருந்து 19 மி.மீ. ஹோஸ் வாட்டர் பம்ப்பின் உறிஞ்சும் பக்கத்துக்கு. ரேடியேட்டர் உச்சியிலிருந்து ஒன்று, ஹெட் உச்சியிலிருந்து ஒன்று, 6 மி.மீ. ஹோஸாக டேங்கின் மேல்பக்கத்துக்கு. இவை காற்றைக் கொண்டுபோகும். வழியில் எங்கும் மேடு விழக் கூடாது. அழுத்த மூடி டேங்கில் மட்டும். ரேடியேட்டரில் இன்னொன்று இருந்தால் அதை அழுத்தம் விடாத வெறும் மூடியாக மாற்றுங்கள். இரண்டு மூடி இருந்தால் பலவீனமானது வைத்ததுதான் சட்டம்.

0.9 பார் மூடியில் வெறும் தண்ணீர் சுமார் 118 டிகிரியில் கொதிக்கும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் 100-லேயே கொதிக்கும். கொதிக்கிற வண்டிக்கு முதலில் மாற்ற வேண்டிய பொருள் மூடி, விலையும் குறைவு.

தெர்மோஸ்டாட்டை (சூடேறியதும் தண்ணீருக்கு வழிவிடும் வால்வை) கழற்றி வீசுவது நம் பெங்கேல்களில் ஊறிய வழக்கம். "நம்ம ஊர் சூட்டுக்கு எதுக்கு அது?" என்பார்கள். வேண்டும். பைபாஸ் (ரேடியேட்டருக்குப் போகாமல் தண்ணீர் இன்ஜினுக்கே திரும்பும் வழி) உள்ள இன்ஜினில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸை மூடுகிறது. அதைக் கழற்றினால் பைபாஸ் எப்போதும் திறந்திருக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றி வரும். 82 டிகிரி தெர்மோஸ்டாட் போடுங்கள். அதிலுள்ள சிறு ஆடும் ஊசி மேல்பக்கம் இருக்கட்டும், காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும். ஜப்பான் ஹாஃப்கட்டில் ஹீட்டர் குழாய் இரண்டு இருக்கும். நமக்கு ஹீட்டர் வேண்டாம் என்று அடைத்துவிடாமல் ஒரு ஹோஸால் ஒன்றோடொன்று இணையுங்கள்.

அலுமினியக் குழாய் முனையில் விளிம்பு மேடு கட்டாயம். மொட்டையாக வெட்டிய குழாயில் எவ்வளவு இறுக்கினாலும், சூடேறிய ஹோஸ் ஒருநாள் வழுக்கி வரும்.

தண்ணீர்: காய்ச்சி வடித்த நீர் இரண்டு பங்கு, கூலண்ட் ஒரு பங்கு. பனி உறையும் ஊரில்லை, ஆனால் கூலண்டில் இருக்கும் துரு தடுப்பு அலுமினியத்துக்கு வேண்டும். 'கலந்து வந்தது' என்று போத்தலில் போட்டிருந்தால் மறுபடி தண்ணீர் சேர்க்காதீர்கள். கிணற்றுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம். சுண்ணாம்புக் குன்றுகள் சூழ்ந்த கிந்தா வட்டாரத்தில் கெட்டிலில் படியும் அதே வெள்ளைப் பொருக்குதான் ரேடியேட்டரிலும் படியும்.

நிரப்புவது: முன்சக்கரங்களைச் சாய்மேடையில் ஏற்றுங்கள். டேங்க் வழியாக மெல்ல ஊற்றி, கீழ் ஹோஸைக் கையால் பிசைந்து காற்றை விரட்டுங்கள். மூடி இல்லாமல் ஸ்டார்ட் செய்து, இளஞ்சூடு வந்ததும் மூடி போட்டு, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை விடுங்கள். முழுதாக ஆறவிட்டு மறுபடி பாதி டேங்க் வரை நிரப்புங்கள். விளிம்புவரை ஊற்றினால் வழியும். 7 லிட்டர் தண்ணீர் 100 டிகிரிக்குப் போகும்போது கால் லிட்டருக்கு மேல் பெருகும். ஃபேன் போடாமலே சூட்டு மீட்டரின் முள் 100-ஐத் தாண்டினால் கீழ் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள்: ஜில்லென்றிருந்தால் காற்று அடைப்பு அல்லது தலைகீழாகப் போட்ட தெர்மோஸ்டாட். டேங்கில் குமிழி நிற்காமல் வந்துகொண்டேயிருந்தால் ஹெட் கேஸ்கெட்.

மீட்டரின் சென்சர் ஹெட்டிலிருந்து தண்ணீர் வெளியேறும் இடத்தில், தண்ணீரில் முழுகி இருக்க வேண்டும். ரேடியேட்டர் பக்கத்திலோ காற்று நிற்கும் மேட்டிலோ வைத்தால் மீட்டர் 85 காட்டிக்கொண்டிருக்கும், உள்ளே ஹெட் வெந்துகொண்டிருக்கும்.

ஓட்டிப் பார்த்தல்

முதல் சோதனை நின்ற இடத்தில். மதியம் 2 மணி வெயிலில் 20 நிமிடம் ஐட்லிங். ஃபேன் போட்டு நிறுத்தி, போட்டு நிறுத்தி வர வேண்டும். ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டே இருந்தால் உறையையும் காற்று வெளியேறும் வழியையும் பாருங்கள். ஃபேன் முன்னால் ஒரு காகிதத்தைப் பிடித்தால் மூக்கின் பக்கமிருந்து உள்ளே இழுபட வேண்டும்; தள்ளினால் வயர் மாறியிருக்கிறது.

இரண்டாவது, பழைய சாலையில் ஈப்போவரை. மெதுவாகப் போய், நின்று, ஹெடர் நட்டும் ஹோஸ் கிளிப்பும் சூடாறிய பின் மறுபடி இறுக்குங்கள். முதல் 50 கிலோமீட்டரில் எல்லாமே கொஞ்சம் தளரும்.

மூன்றாவதுதான் உண்மையான பரீட்சை: திரும்பும்போது ஜெலாப்பாங்கில் நெடுஞ்சாலை ஏறி மெனோரா சுரங்கம் வரை உள்ள ஏற்றம், பிறகு கோலகங்சாரில் இறங்கி ஊருக்கு. முன்னால் லாரி ஊர்ந்தால் இன்னும் நல்லது. ஏற்றத்தில் முள் 95-ஐத் தாண்டாமல் இருந்து, இறக்கத்தில் இரண்டு நிமிடத்தில் 85-க்கு வந்தால் வேலை சரி. ஏற்றத்தில் ஏறி, இறக்கத்திலும் இறங்காவிட்டால் காற்றுப் பாதை கோளாறு. மெதுவாகப் போகும்போது மட்டும் ஏறினால் ஃபேன். வேகத்தில் மட்டும் ஏறினால் மூக்கின் அடைப்பு சரியில்லை, அல்லது கீழ் ஹோஸ் உறிஞ்சப்பட்டுச் சப்பையாகிறது. அதற்குள் சுருள் கம்பி போட வேண்டும்.

பிறகு பராமரிப்பு. செம்மண் புழுதி, லாலாங் புல்லின் பூ, பூச்சி எல்லாம் கோரின் முன்முகத்தில் அப்பும். ரப்பர் இலையுதிரும் மாதங்களில் சருகு ஃபேன் உறைக்குள்ளும் சைலன்சர் மேலும் சேரும். சருகைக் கையால் எடுங்கள், எக்ஸோஸ் ஆறிய பிறகு. கோரை இன்ஜின் பக்கமிருந்து வெளிநோக்கிச் சாதாரண ஹோஸ் தண்ணீரால் கழுவுங்கள். கார் கழுவும் கடையின் அழுத்தப் பீச்சியை நெருக்கிப் பிடித்தால் ஃபின் (கோரின் மெல்லிய தகடுகள்) எல்லாம் படுத்துவிடும். படுத்ததை நிமிர்த்த ஒரு பழைய சீப்பும் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையும் வேண்டும்.